அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து முடிவுகளை மட்டக்களப்பில் இருந்து வாசிப்பது எப்படி

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, லூசியானாவில் இருந்து வந்த ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்மாரைப் பழக்கிய ஊர் இது. ஆனாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டி முடிவுகளைப் போனில் திறந்தால் நம்ம ஆட்களே குழம்புகிறார்கள். ஒரே வருடத்தில், ஒரே குழுவில் இரண்டு சாம்பியன்கள் இருந்தால் யார்தான் குழம்ப மாட்டார்கள்?

இந்தக் குழுவைத்தான் கொன்பரன்ஸ் என்கிறார்கள், பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு கூட்டு, அவ்வளவுதான். ஜனவரி, பெப்ரவரியில் தங்களுக்குள் லீக் ஆடுவார்கள், மார்ச்சில் அதே அணிகள் விலகல் முறையில் ஒரு சுற்றுப்போட்டி ஆடும். இரண்டு சாம்பியன்கள் வருவது அதனால்தான். லீக்கில் முதலிடம் வந்தால் பெருமை. 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேரடி இடம் கிடைப்பது மார்ச் சுற்றுப்போட்டியை வெல்பவர்களுக்கு. மீதி இடங்களை ஒரு தெரிவுக்குழு நிரப்பும்.

புள்ளிப்பட்டியலில் புள்ளிகளைத் தேடாதீர்கள், இல்லை. 17-3 என்றிருந்தால் 17 வெற்றி, 3 தோல்வி. சமநிலையும் கிடையாது, மேலதிக நேரம் ஆடி முடிப்பார்கள். ஒவ்வொரு அணிக்கும் இப்படி இரண்டு கணக்கு இருக்கும், ஒன்று குழுவுக்குள் ஆடியது, மற்றது வெளி ஆட்டங்களும் சேர்ந்த மொத்தம். வரிசை போடுவது முதல் கணக்கை வைத்துத்தான், அதனால் மொத்தத்தில் அதிகம் வென்ற அணி கீழே நிற்பதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. இரண்டு அணிகள் சமமாக வந்தால் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அவை தமக்குள் ஆடியதில் யார் வென்றது என்பதைத்தான்.

அப்புறம் அணிப் பெயருக்கு முன்னால் நிற்கும் சின்ன இலக்கம். சீசனில் அது நாடளாவிய தரவரிசை, சுற்றுப்போட்டி அட்டவணையில் லீக்கில் வந்த இடம். இரண்டையும் கலந்தால் எல்லாமே பிழையாகிவிடும்.

2024 அட்லாண்டிக் கோஸ்ட் கொன்பரன்ஸை எடுத்துப் பழகிப் பாருங்கள், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நோர்த் கரோலினா 17-3, முதலிடம். என்.சி. ஸ்டேட் (நோர்த் கரோலினா ஸ்டேட், இது வேறு பல்கலைக்கழகம்) 9-11, 15 அணிகளில் பத்தாமிடம். முதல் நான்கு இடங்களுக்கு இரண்டு சுற்று ஓய்வு என்பதால் கரோலினா இறுதிக்கு வர இரண்டு ஆட்டம் போதும், ஸ்டேட் செவ்வாயில் இருந்து நாளுக்கு ஒன்றாக ஆடி, அரையிறுதியில் மேலதிக நேரமும் போய், சனிக்கிழமை ஐந்தாவது ஆட்டத்தில் கரோலினாவை 84-76 என்று சாய்த்தது. தோற்றிருந்தால், மொத்தக் கணக்கில் 17-14 என்று சுற்றுப்போட்டிக்கு வந்த அணியைத் தெரிவுக்குழு திரும்பியும் பார்த்திராது. பிறகு தேசிய அரையிறுதி வரை போனார்கள். கரோலினா போன்ற பெரிய அணிக்கு இறுதியில் தோற்றாலும் தேசியப் போட்டியில் இடம் உண்டு. சின்னக் குழுவில் லீக் முழுக்க வென்றுவிட்டு ஒரு ராத்திரி சறுக்கினால் கதை முடிந்தது, எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

அடிக்குறிப்பையும் விடாதீர்கள். 2023 நோர்த் ஈஸ்ட் கொன்பரன்ஸ் இறுதியில் மெரிமேக் 67-66 என வென்றது, தேசியப் போட்டிக்குப் போனதோ தோற்ற ஃபெயார்லி டிக்கின்சன். மெரிமேக் கீழ்ப்பிரிவில் இருந்து, இந்தப் போட்டிகள் நடக்கும் முதற்பிரிவுக்கு மாறும் இடைக்காலத்தில் இருந்ததால் தகுதி இல்லை. அந்த டிக்கின்சன்தான் போய், முதல்தரமாக வைக்கப்பட்டிருந்த பர்டூவை 63-58 என்று அடித்தது.

நேரடியாகப் பார்ப்பதென்றால் மணியைக் கவனியுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அதுவரை அமெரிக்கக் கிழக்குக்கரை நேரத்துக்கு நாம் பத்தரை மணி முன்னால், பிறகு ஒன்பதரை. அங்கே சனி இரவு 8.30 ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை 6 மணி, மணிக்கூடு மாறுவதற்கு முன்னென்றால் 7. முடிவைத் தேடும்போது மட்டும் சனிக்கிழமைத் திகதியில் தேடுங்கள்.