நாற்பதாம் பின் எங்கே போனது? டிரைவர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலைப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன், பொறியியல் கடைசி வருஷம். ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினி போர்டை வைத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டப் பார்த்தான். அந்தப் போர்டின் ஓரத்தில் கம்பி செருகுவதற்கு ஊசி ஊசியாக நிற்பவைதான் பின்கள். மண் காய்ந்தால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மோட்டாரைப் போட வேண்டும். ரிலேவுக்கான டிரைவரையும், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளை இயக்கும் நிரலையும், அவனே எழுதியிருந்தான். அதற்கு அவசியமே இல்லை, கற்றுக்கொள்ளும் ஆசைதான். ரிலே அசையவில்லை. மோட்டாரைப் போடச் சொல்லும்போதெல்லாம் ஈரம் அளக்கும் சென்சாரின் கணக்கு வேறு தாறுமாறாக வந்தது.

"அண்ணே, பின் நம்பர செக் பண்ணித்தான் விட்டிருக்கேன்" என்றான். பார்த்தேன், பண்ணித்தான் இருந்தான். எண் 54-க்குக் கீழே இருந்தால் உள்ளே விடு என்பது அவன் சோதனை. அந்தச் சிப்பில் 0 முதல் 53 வரை 54 ஜிபிஐஓக்கள் (நிரலால் ஏற்றி இறக்கக்கூடிய பின்கள்) உண்டு, அவன் கொடுத்ததோ 40. தாராளமாக உள்ளே போய்விட்டது.

ஆனால் அந்த 40, போர்டின் ஓரத்தில் விரலை வைத்து எண்ணிய 40. அதே கம்பி சிப்புக்கு ஜிபிஐஓ 21. நம்மூர் வீடுகளில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருக்குமே, அதே குழப்பம். மூன்றாவது எண் ஒன்றும் உண்டு: கெர்னல் தன் கணக்குக்கு வைத்துக்கொள்வது. ராஸ்பெர்ரி பையில் 6.6 கெர்னல் வந்தபின் அது 512-இல் தொடங்குகிறது, பழைய ஸ்கிரிப்டுகள் பல அதில்தான் படுத்தன. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் சோதனைக்கு, வந்த எண் இந்த மூன்றில் எது என்று தெரியாது.

சரி, 40 ஏன் சென்சாரைக் கெடுத்தது? பின்னை மேலே தூக்க, அதாவது அதன் மின்னழுத்தத்தை ஏற்ற, சிப்பில் எழுதும் இடம்தான் ரெஜிஸ்டர். அது ஒவ்வொன்றும் 32 பிட், பின்னுக்கு ஒரு பிட். முதல் 32 பின்களுக்கு ஒன்று, மீதிக்கு இன்னொன்று. பையன் முதல் ரெஜிஸ்டரில் மட்டுமே எழுதினான், 1-ஐ இடப்பக்கம் 40 இடம் தள்ளி. 32 பிட் எண்ணை 32 இடமோ அதற்கு மேலோ தள்ளினால் என்ன வரும் என்பதற்கு சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 64 பிட் ஆர்ம் சிப் 40-ஐ 32-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டது: 8. ஜிபிஐஓ 8 என்பது எஸ்பிஐயின் (சென்சார் போன்றவற்றோடு பேசும் தடம்) சிப் செலக்ட், அதாவது 'உன்னோடுதான் பேசுகிறேன்' என்று சொல்லும் கம்பி. சென்சார் தொங்குவதும் அதில்தான். ஆக, மோட்டாரைப் போடப்போய் சென்சாரின் பேச்சை நடுவில் வெட்டிக்கொண்டிருந்தான். இதே வரியை 32 பிட் ஆர்மில் ஓட்டினால் விடை 0 ஆகி, ஒன்றுமே நடக்காது. அப்படி ஆகியிருந்தால் தேடுவது இன்னும் கஷ்டம்.

அவன் எல்லைக் குறியில் தவறவில்லை. ஆனால் அங்கே சறுக்குபவர்கள்தான் அதிகம். "54-ஐவிடப் பெரிதென்றால் திருப்பி அனுப்பு" என்று எழுதினால் 54 உள்ளே வந்துவிடும். >= வேண்டிய இடத்தில் > போடும் இந்தப் பிழை எத்தனை வருஷம் எழுதினாலும் கை தவறி வரும். அதற்கு நேர் எதிரானது, 0 என்றால் பின் இல்லை என்று நினைப்பது. ஜிபிஐஓ 0 நிஜமான பின். கணினியில் கார்டுகளைச் செருகும் பிசிஐயில் மட்டும் கதை வேறு: அங்கே இன்டரப்ட் பின் (கார்டு கணினியின் கவனத்தைக் கேட்கும் கம்பி) 0 என்றால் இல்லை என்றே அர்த்தம், 1 முதல் 4 வரைதான் செல்லும். ஓரிடத்து வழக்கத்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

எண்ணை எந்த வகை மாறியில் வாங்குகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னைக் கேட்டால் கெர்னல் சிலசமயம் −517 தரும், 'இன்னும் தயாராகவில்லை, அப்புறம் வா' என்பது அதன் பொருள். கழித்தல் குறியை ஏற்காத (unsigned) 32 பிட் மாறியில் வாங்கினால் அது 4294966779. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்ற சோதனை அதன்பின் என்றைக்கும் பலிக்காது. 8 பிட்டில் சுருக்கிவிட்டுச் சோதித்தால் 300 என்பது 44 ஆகி நல்ல பிள்ளையாக உள்ளே வரும். −517-ஐச் சரியாகப் பிடித்தபின் 'தவறான எண்' என்று மாற்றித் திருப்புபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கெர்னல் மறுபடி முயலாது, டிரைவர் ஏறாமலே கிடக்கும்.

எண் பயனர் நிரலிலிருந்து வருகிறதென்றால், ஒருமுறை நகலெடுத்து அந்த நகலையே சோதித்து அதையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது முறை போய் எடுத்தால் இடையில் மாற்றிவிட முடியும். தவறான எண்ணுக்குக் கெர்னலையே நிறுத்தும் கட்டளையைப் போடுவது அநியாயம், பிழை எண்ணைத் திருப்பினால் போதும்.

பையனிடம் எண்ணையே டிரைவரிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ பட்டியலில் ரிலேவுக்கு ஜிபிஐஓ 21 என்று ஒரு வரி. டிரைவர் எண்ணுக்குப் பதில் பெயரைச் சொல்லி, அந்தப் பின்னுக்கான டிஸ்கிரிப்டரை (கெர்னல் தரும் கைப்பிடி) கேட்கும். எல்லை பார்ப்பதும், வேறு யாராவது அதை ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் கெர்னல் வேலை.

மாற்றியதும் ரிலே டக்கென்றது, ஆனால் நிறுத்தச் சொன்னபோது. அவன் வாங்கிய ரிலே போர்டு பின் கீழே இறங்கினால் வேலை செய்யும் ரகம். டிவைஸ் ட்ரீ வரியின் கடைசி எண்ணை 0-இலிருந்து 1 ஆக்கச் சொன்னேன்: கீழே இறங்கினால்தான் வேலை என்று கெர்னலுக்குச் சொல்வது அந்த 1.