குமரிக்குப் போனால் மருந்துவாழ்மலைக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி தங்கி, சூரிய உதயம் பார்த்து, படகில் பாறைக்குப் போய்வந்து கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். முக்கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் ஊருக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் மருந்துவாழ்மலை மேல் ஏற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் பாறைமலை அது.

நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையில் பொற்றையடியில் இறங்கினால் அடிவாரம் பக்கம்தான். சென்னை எழும்பூரிலிருந்து வருபவர்களுக்கு மாலையில் புறப்படும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வசதி. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மலை உயரமில்லை. நடந்து பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஏறிவிடலாம். ஆளைச் சோதிப்பது வெயில்தான். கீழ்ப்பகுதியில் படிகளும் சிறு கோயில்களும் உண்டு. அதற்கு மேல் வெறும் பாறை. ஒன்பது மணிக்கெல்லாம் கை வைத்தால் சுடத் தொடங்கிவிடும். குளிர்நாட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று முகத்தில் தெரியும். ஆகவே விடிந்ததும் ஏறி, எட்டரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். சிட்னி, சிங்கப்பூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதல் சில நாள் தானாகவே அதிகாலையில் விழிப்பு வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். லண்டன், பாரிஸிலிருந்து வந்தவர்களுக்கோ காலையில்தான் தூக்கம் அழுத்தும். வந்த மறுநாளே மலையேறத் திட்டம் போடாதீர்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துப் போங்கள். மேலே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டும். கோயில் வாசல்களில் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் நாடா கட்டாத வகை என்றால் நல்லது. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள். ட்ரோன் கொண்டுவரும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள்: வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவர 2022 முதல் தடை இருக்கிறது.

ஐரோப்பாவின் கோடை விடுமுறையில், அதாவது ஜூலை, ஆகஸ்டில் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உச்சியில் நிற்பவரையும் தள்ளும். சின்னப் பிள்ளைகளின் கையை விடவே கூடாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை; நனைந்த பாறை வழுக்கும், மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான் சரியான மாதங்கள்.

இது வழிபாட்டு மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை. ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி அன்பர்களுக்கும் இது புனித இடம். குகைக்குள் யாராவது கண்மூடி அமர்ந்திருந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூலிகை என்று எதையும் பறிக்காதீர்கள்.

உச்சியில் தெற்கே திரும்பி நில்லுங்கள். 133 அடி உயர வள்ளுவர் சிலை, நீட்டிய கையில் பிடித்த நெல்மணி அளவுக்குத் தெரியும். அதன் இரு பக்கமும் கரை வளைந்து போக, இடப்பக்கம் வங்கக் கடல், வலப்பக்கம் அரபிக் கடல். பின்னால் திரும்பினால் வயலும் குளமும் தென்னந்தோப்பும், அதற்கப்பால் மலைத்தொடர். பாட்டன் பூட்டன் ஊர் எந்தத் திசை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல மேடை எனக்குத் தெரியாது.

இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். அம்மா, அப்பாவை உச்சிவரை வற்புறுத்தாமல் கீழ்க் கோயில்களோடு நிறுத்துங்கள். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். யாருக்காவது அடிபட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குளித்து, சாப்பிட்டு, சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு உச்சிப்பொழுதில் நடை சாத்தும் முன் போய்விடலாம். அங்கே ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு பொழுது சாயும் முன்பே நின்றுவிடும். அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.