திருப்பும்போது முன்சக்கரத்தில் சத்தம்: கண்டுபிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஸ்டீயரிங்கை ஒடித்ததும் முன்பக்கத்தில் டக்டக் என்று தட்டும், அல்லது உர்ரென்று உறுமும். உடனே வீல் பேரிங்கை மாற்றுவார்கள். சத்தம் போகாது. அப்புறம் ஆக்ஸிலை மாற்றுவார்கள். அப்போதும் போகாது. கடைசியில் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக்குள் ஒரு சின்னக் கல் மாட்டியிருக்கும். எந்தப் பாகம் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுச் சத்தத்தைக் கேட்பதுதான் இதில் பெரிய தவறு. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று தெரிந்துகொள்ளும் முன் எதையும் கழற்ற வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை: வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சமீபத்தில் டயர் கழற்றி மாட்டிய வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். தளர்ந்த நட்டும் திருப்பத்தில் டக்டக் என்றுதான் தட்டும். அதைப் பார்க்காமல் சோதனை ஓட்டம் போவது ஆபத்து.

அடுத்து எல்லோரும் தாண்டிப் போகிற கேள்வி: நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் சத்தம் வருகிறதா, வண்டி ஓடும்போது மட்டும்தானா? நின்ற வண்டியிலேயே வந்தால், சுழலும்போது மட்டும் சத்தம் போடும் பேரிங்கையும் சி.வி. ஜாயின்ட்டையும் (சக்கரம் திரும்பினாலும் ஆக்ஸிலின் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு) அப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். மிச்சம் இருப்பவை ஸ்ட்ரட் மவுன்ட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிக்கும் பாகம்), பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குண்டு மூட்டு), ஸ்டீயரிங் இணைப்புகள். ஹேண்ட்பிரேக் போட்டு, இன்னொருவரை மெதுவாகத் திருப்பச் சொல்லி, சுருளின் இடுக்கில் விரல் போகாதபடி ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். மேலே இருக்கும் மவுன்ட் பேரிங் இறுகிப் போயிருந்தால் ஸ்பிரிங் முதலில் முறுக்கிக்கொள்ளும், பிறகு டொங் என்று விடுபடும். அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும். காதை நம்பினால் சத்தம் கீழே சக்கரத்திலிருந்து வருவது போலவே இருக்கும், ஏனென்றால் இரும்பு வழியாகச் சத்தம் எங்கு வேண்டுமானாலும் போகும்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால் ஒரு சீறல் கேட்கும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வின் வேலை அது, கோளாறு இல்லை. ஆனால் அப்படியே பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள், பம்ப்புக்கு நல்லதல்ல. பாதி திருப்பும்போதே முனகல் வந்தால் ஆயில் அளவைப் பாருங்கள்.

வண்டி ஓடும்போது மட்டும் வரும் சத்தத்தில், டக்டக்கையும் உறுமலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சகஜம். இரண்டுக்கும் சோதனையே வேறு. டக்டக் என்றால் ஆள் இல்லாத வெட்டவெளியில் முழுக்க ஒடித்து, மெதுவாக ஒரு பக்கம் வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் தட்டல் கூடி, சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து விரைந்து, காலை எடுத்ததும் குறைந்தால் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்தான் முதல் சந்தேகம். எந்தப் பக்கம் என்பதைக் காதால் தீர்மானிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட் என்பதை, பாருங்கள். அது கிழிந்திருந்தால் சக்கரத்தின் உள்விளிம்பிலும் சஸ்பென்ஷன் மீதும் கறுப்பு கிரீஸ் வீசி அடித்திருக்கும்.

இங்கே பணம் வீணாகும் ஒரு இடம் உண்டு. தட்டல் தொடங்கிய பிறகு புது பூட் மாட்டி கிரீஸ் அடைப்பது. கிரீஸ் போய் மண்ணும் தண்ணீரும் புகுந்து, உள்ளே குண்டுகள் ஓடும் தடம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. புது கிரீஸ் கொஞ்ச நாள் சத்தத்தை அமுக்கும், அவ்வளவுதான். சத்தமே வராமல் பூட் மட்டும் கிழிந்திருக்கும்போது சுத்தம் செய்து மாட்டினால்தான் ஜாயின்ட் பிழைக்கும்.

உறுமல் வேகத்தோடு கூடும். இடது பக்கம் திருப்பும்போது கூடுகிறது என்றதும் இடது பேரிங்கைக் கழற்றுகிறவர்கள் நிறைய. இடது பக்கம் திருப்பினால் வண்டியின் எடை வலது பக்கம் சாய்கிறது, எனவே பெரும்பாலும் சந்தேகம் வலது பேரிங் மேல். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். இரட்டை வரிசை பேரிங்குகள் சில நேரம் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. ஜாக்கியில் தூக்கி உறுதி செய்யாமல் புதிது வாங்காதீர்கள்.

அதற்கும் முன் டயரைத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர், கெட்ட பேரிங் போலவே உறுமும். அளவு ஒன்றாக இருந்தால் அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போய்விட்டால் பேரிங் வாங்கும் செலவு மிச்சம்.

தூக்கிப் பார்ப்பதிலும் தவறுகள் உண்டு. சமதரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பக்கவாட்டில். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பக்கம் பாருங்கள். மேல்கீழாகவும் ஆடினால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது சஸ்பென்ஷன். ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்தபடி மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்டுப்போன பேரிங்கின் நறநறப்பு பெரும்பாலும் ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் தூக்கி வைத்தே சோதிக்கக் கூடாது. சக்கரத்தின் மீதுள்ள எடை நீங்கிவிட்டால் ஸ்ட்ரட் மவுன்ட் பேசாமல் இருக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இன்ஜினை ஓட்டி கியர் போட்டால், ஆக்ஸில் வழக்கத்துக்கு மேல் மடங்கி நல்ல ஜாயின்ட்டே சத்தம் போடும். ஆபத்தும் அதிகம்.

உரசல் சத்தம் என்றால் பெரிதாக எதையும் யோசிக்கும் முன், முழுக்க ஒடித்து நிறுத்தி, சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் லைனரில் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் டயர் அங்கே உரசுகிறது: பெரிய அளவு டயர் போட்டிருப்பார்கள், அல்லது லைனரின் கிளிப் விட்டுப் போயிருக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் பேடையும் டிஸ்க்கையும் அதன் பின் தகட்டையும் பாருங்கள். விரும்பும்போது போட்டுக்கொள்ளும் வகை நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி, காய்ந்த தார்ச் சாலையில் அது போட்டபடியே திரும்பினால் இழுத்து இழுத்துத் தட்டும். லீவரால் அதை விலக்கிவிட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

மாற்றும்போதும் கவனம் வேண்டும். இப்போதைய பல பேரிங்குகளில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். திருப்பி அடித்துவிட்டால் சத்தம் போய் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். டை ராட் மாற்றினால் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும்.

ஸ்ட்ரட் மவுன்ட் முனகலோடு ஒர்க்‌ஷாப் வரை நிதானமாக ஓட்டிப் போகலாம். சக்கரத்திலோ பால் ஜாயின்ட்டிலோ ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.