இரண்டு கிட்டார், ஒரே மேடை: சத்தத்தைச் சமன் செய்வது எப்படி?

திருமண வரவேற்பு நிகழ்ச்சி ஒன்று. முதல் பாதி நன்றாகத்தான் போனது. மென்மையான பாடல்களுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரை வாசித்துவிட்டு, குத்துப் பாட்டு தொடங்கியதும் லெஸ் பால் வகைக் கிட்டாரை எடுத்து மாட்டினேன். முதல் கார்டை அடித்ததுமே கீபோர்டு அண்ணன் திரும்பி முறைத்தார். பாடகி ஒரு காதைப் பொத்திக்கொண்டார். மிக்ஸரில் இருந்தவர் என் ஃபேடரைச் சட்டென்று இறக்கினார். அடுத்த பாட்டுக்குப் பழைய கிட்டாருக்கே திரும்பினால், நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மிக்ஸர்காரர் வந்து கேட்டார்: “எந்தக் கிட்டாரை நம்பி நான் லெவல் வைப்பது, தம்பி?”

நியாயமான கேள்வி. இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்களோடு மேடை ஏறுகிற எவரும் அவருக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஆம்பிலோ மிக்ஸரிலோ இதைச் சரிசெய்யப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் யாராவது ஒருவர் எதையாவது திருகிக்கொண்டே இருக்க நேரிடும். சமன் செய்ய வேண்டிய இடம் கிட்டாருக்கும் ஒலியைக் கரகரப்பாக்கும் முதல் ஓவர்டிரைவ் பெடலுக்கும் நடுவில் இருக்கிறது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கிட்டார் கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். தெளிவான ஒலி தரும். கூடவே அக்கம்பக்கத்து மின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். அதுதான் ஹம்பக்கர். 1957 முதல் லெஸ் பாலில் அது இடம்பிடித்தது. அவர் துரத்தியது இரைச்சலை. கூடுதல் சத்தமும் கனத்த நடு ஒலியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. ஆகவே இரண்டு கிட்டார்களுக்கு இடையே சத்தம் மட்டும் மாறுவதில்லை, ஒலியின் நிறமும் மாறுகிறது. இதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

1. பெடல்கள் அனைத்தையும் அணையுங்கள்

சோதனையைச் சுத்தமான ஒலியில்தான் தொடங்க வேண்டும். ஓவர்டிரைவும் டிஸ்டார்ஷனும் பெரிய சத்தத்தை நசுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடுகின்றன. அந்த நிலையில் இரண்டு கிட்டார்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும், “பிரச்சினையே இல்லையே” என்று ஏமாந்துபோவோம். பெடலை அணைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

2. அளந்து பாருங்கள்

இரண்டு கிட்டார்களிலும் வால்யூம் 10, டோன் 10, பிரிட்ஜ் பிக்கப் (கம்பிகள் முடியும் பக்கம் இருப்பது). ஆம்புக்கு நேரே இரண்டு மீட்டர் தள்ளி, டெசிபல் அளக்கும் செயலியைத் திறந்து போனை வையுங்கள். ஈ மேஜர் கார்டை ஒரே பிக்கால், ஒரே வேகத்தில் பத்து முறை அடித்து, அதிகம் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டாரை மாற்றி மறுபடியும் அடியுங்கள். எனக்கு 5 டெசிபல் வித்தியாசம் வந்தது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பார்கள். 5 என்பது அண்ணனைத் திரும்பிப் பார்க்க வைக்கப் போதும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டையும் போனில் குரல் பதிவு செய்து ஒப்பிடாதீர்கள். பல போன்கள் பதிவின் அளவைத் தாமாகவே சமப்படுத்திவிடும். இன்னொன்று, இதை நள்ளிரவில் மெதுவாக வைத்துச் செய்வதிலும் பயனில்லை. குறைந்த சத்தத்தில் நம் காது கனமான அடி ஒலியையும் கூர்மையான உச்ச ஒலியையும் சரியாகப் பிடிப்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மேடையில் வைக்கும் சத்தத்திலேயே சோதியுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. பிக்கப் உயரம்: பைசா செலவில்லாத வழி

பெடல் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகுகள்தான் அதை ஏற்றி இறக்குகின்றன. கம்பிக்கு நெருங்கினால் சத்தம் கூடும், விலகினால் குறையும்.

கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில் கடைசியானதில், அதாவது கடைசி ஃப்ரெட்டில், கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து பிக்கப் வரையுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குத் தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் 2 மி.மீ. என்று தொடங்கலாம். நுண்ணிய அளவுகோல் இல்லையா? ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. மூன்றை அடுக்கினால் கிட்டத்தட்ட 2.3 மி.மீ. வந்துவிடும். காலாவதியான அட்டைகளாகப் பார்த்து எடுங்கள். பிக்கப்பில் இருப்பது காந்தம், அட்டையின் முதுகில் இருப்பது காந்தப் பட்டை.

சத்தம் குறைந்த கிட்டாரை இதற்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள். ஒற்றைச் சுருளின் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே சுருதி நெளியும், டியூனர் முள் நிலைகொள்ளாது. அதைவிட, ஹம்பக்கரை இறக்குங்கள். கால் சுற்று திருகி, வாசித்துக் கேட்டு, மறுபடி கால் சுற்று. இடைவெளி 3 மி.மீ.யைத் தாண்டினாலும் குற்றமில்லை, என் காதுக்கு ஒலி இன்னும் திறந்தது போலத்தான் இருக்கிறது. கையோடு அதே கிட்டாரின் நெக் பிக்கப்பையும் (கழுத்துப் பக்கம் இருப்பது) பாருங்கள். அங்கே கம்பி அதிகமாக ஊசலாடுவதால் பிரிட்ஜைவிடச் சத்தம் கூடும். அதைச் சற்றுத் தாழ்த்தியே வைக்க வேண்டும்.

எனக்கு இந்தப் படியிலேயே 5 டெசிபல் 3 ஆகிவிட்டது.

4. மிச்சத்தை ஈக்வலைசர் பெடலிடம் விடுங்கள்

“கிட்டாரிலேயே வால்யூமை 7-க்கு இறக்கினால் போதாதா?” என்று கேட்கலாம். அவசரத்துக்கு நானும் செய்ததுண்டு. ஆனால் சாதாரண பிக்கப் உள்ள கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் உச்ச ஒலியும் சேர்ந்து போய்விடும். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். நீளமான கேபிள் என்றால் இன்னும் மோசம்.

ஈக்வலைசர் என்பது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பெடல். வரிசை இப்படி இருக்கட்டும்: கிட்டார், டியூனர், ஈக்வலைசர், ஓவர்டிரைவ், மற்றவை, ஆம்ப். பழைய பாணி ஃபஸ் பெடல் (முரட்டுக் கரகரப்பு தருவது) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை இடிக்கும். அது கிட்டாரோடு நேரடியாகப் பேசத்தான் விரும்பும்.

சத்தம் குறைந்த கிட்டாரை அடிப்படையாக வைத்து ஆம்பையும் மற்ற பெடல்களையும் அமைத்துக்கொள்ளுங்கள். அதை வாசிக்கும்போது ஈக்வலைசர் அணைந்தே இருக்கும். சத்தம் கூடிய கிட்டாருக்கு மாறும்போது மட்டும் மிதியுங்கள். மெலிந்ததைத் தூக்கினால் அதன் இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படும். கூடியதைக் குறைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜிஇ-7 ஈக்வலைசர் பெடலை எடுத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் முதல் 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர்கள், தனியாக ஒரு லெவல் ஸ்லைடர். ஒவ்வொன்றும் 15 டெசிபல் வரை கூட்டவும் குறைக்கவும் செய்யும். லெவலை 3 டெசிபல் இறக்கினேன். செயலியில் இரண்டும் ஒரே எண். ஆனால் டிரம்ஸோடு வாசித்தபோது ஹம்பக்கர் இன்னும் முண்டியடித்தது. நிறம் மாறுகிறது என்று சொன்னேன் அல்லவா? 400 ஹெர்ட்ஸை 2 டெசிபல் குறைத்து, 3.2 கிலோஹெர்ட்ஸை ஒரு துளி ஏற்றியதும் அடங்கியது. அதற்கு மேல் கை வைக்கவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்க வேண்டுமானால் இன்னொரு கிட்டாரை எதற்குச் சுமந்து போவது?

பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கிட்டாருக்கும் தனி பேட்ச் (சேமித்து வைக்கும் அமைப்பு) செய்து, சங்கிலியின் தொடக்கத்தில் இதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

5. இப்போது ஓவர்டிரைவைத் திறங்கள்

உள்ளே போகும் அளவு சமமாகிவிட்டதால், கரகரப்பும் இரண்டு கிட்டார்களிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஹம்பக்கர் இன்னும் சீறினால் லெவலை மேலும் 1 டெசிபல் இறக்குங்கள்.

6. தனி வாசிப்புக்கான பூஸ்ட்

இது வேறு வேலை. ஓவர்டிரைவுக்கு முன்னால் பூஸ்ட் (சத்தத்தைத் தூக்கும் பெடல்) வைத்தால் கரகரப்புதான் கூடும், சத்தம் பெரிதாக ஏறாது. ஓவர்டிரைவுக்குப் பின்னால் வையுங்கள். 3 அல்லது 4 டெசிபல் போதும்.

7. மண்டபத்தில்

சிறிய ஆம்பைத் தரையில் வைத்தால் அது உங்கள் கெண்டைக்காலுக்குத்தான் வாசிக்கும். காதுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் ஏற்ற ஏற்ற, நேரெதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் நெளிவார். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. உறுதியான ஒன்றில் ஆம்பைச் சற்றே மல்லாந்தபடி வைத்து, சாயாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுண்டு செக்கில் மிக்ஸர்காரருக்கு முதலில் சத்தம் கூடிய கிட்டாரைக் கொடுத்து, கெயினை (மிக்ஸருக்குள் வரும் ஒலியின் அளவை) அதற்கேற்ப வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஈக்வலைசரை அணைத்துவிட்டு அடுத்ததை வாசியுங்கள். அவர் ஃபேடரைத் தொடாமல் இருந்தால் உங்கள் அமைப்பு சரி. அந்த நிலையிலேயே ஸ்லைடர்களின் இடத்தை வெள்ளை மார்க்கரால் பெடலில் குறித்துவிடுங்கள்; பையில் போட்டு எடுக்கும்போது அவை நிச்சயம் நகரும்.

குழுவில் இரண்டு கிட்டார் கலைஞர்கள் என்றால் இதே படிகள்தான். கூடுதலாக ஒன்று: இருவரும் ஒரே நடு ஒலியில் நின்று முட்டிக்கொள்ளாமல், 800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒருவர் 2 டெசிபல் விட்டுக்கொடுக்க வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது என்பதை ஒத்திகையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கிட்டார் மாற்றும் வரிசையையும் வீட்டிலேயே பழகுங்கள். டியூனரை மிதித்து ஒலியை நிறுத்துங்கள். கேபிளை மாற்றுங்கள். சுருதி பாருங்கள். ஈக்வலைசரை மிதியுங்கள். கடைசியாக டியூனரைத் திறங்கள். நான்காவதை மறந்தால் கீபோர்டு அண்ணன் நினைவுபடுத்துவார்.