மலிவு விலை இன்சுலின் பம்ப்: செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

படிப்படியாகச் சுழலும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார், அதை இயக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டு, 3டி பிரிண்டரில் அடித்த திருகு, 3 மில்லி சிரிஞ்சு. இவற்றை வைத்து சர்க்கரை நோயாளி உடம்பில் மாட்டிக்கொள்ளும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து செலுத்தும் இன்சுலின் பம்ப் செய்துவிட்டோம் என்று சொல்லும் கல்லூரி புராஜெக்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். பட்டனை அழுத்தியதும் ஊசி முனையில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். சிக்கலே அந்தச் சொட்டில்தான்.

யு-100 இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். கண்ணுக்கு விடும் மருந்தின் ஒரு சொட்டு அளவு, அதாவது சுமார் 50 மைக்ரோலிட்டர், 5 யூனிட். மணிக்கு 0.2 யூனிட் போகவேண்டிய சின்னப் பிள்ளைக்கு அது ஒரு நாளுக்கும் மேலான அளவு. ஆக, சொட்டு வருகிறதா என்று பார்ப்பது சோதனையே இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிரிஞ்சின் உள்விட்டம் 10 மி.மீ. என்றால், 1 யூனிட்டுக்கு அடைப்பான் (சிரிஞ்சுக்குள் மருந்தைத் தள்ளும் ரப்பர் கட்டை) நகரவேண்டியது 0.13 மி.மீ. 0.05 யூனிட்டுக்கு 6 மைக்ரான், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. பிரிண்டரில் அடித்த திருகில் 0.1 மி.மீ. ஆட்டம் சாதாரணம், அதுவே முக்கால் யூனிட்டைத் தின்றுவிடும். போதாததற்கு ரப்பர் அடைப்பான் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், மோட்டார் தள்ளத் தள்ளச் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாகத் துள்ளும். சாஃப்ட்வேரில் எத்தனை ஸ்டெப் எண்ணினாலும் இது தெரியாது. வெளியே வரும் திரவத்தை நுண்தராசில் பிடித்து, ஆவியாகாமல் மேலே எண்ணெய் மூடி, 24 மணி நேரம் எடை பார்க்கவேண்டும். 1 யூனிட் எடை சுமார் 10 மில்லிகிராம். காசை மிச்சம் பிடிக்க ஆயிரம் இடம் உண்டு, திருகு அதில் சேராது.

சரி, மோட்டாரே வேண்டாம், ஸ்பிரிங் தள்ளட்டும், மெல்லிய குழாய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தட்டும் என்று போகிறவர்களும் உண்டு. எனக்கும் பிடித்த வழிதான். ஆனால் அந்தக் குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உள்விட்டம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் 46 சதவீதம் கூடும். அப்புறம் வெயில். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 40 டிகிரிக்குப் போனால் பாகுத்தன்மை குறைந்து ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். ஏசி லேபில் அளவு வைத்த கருவி மே மாத மதியத்தில் பஸ்ஸில் போகிறவர் இடுப்பில் வேறு கருவி.

மருந்தும் தண்ணீர் இல்லை. சூடும் குலுக்கலும் பிளாஸ்டிக் உரசலும் சேர்ந்தால் இன்சுலின் நார் நாராகத் திரண்டு குழாயை அடைக்கும். பம்பில் போடும் சில இன்சுலின்கள் 37 டிகிரியைத் தாண்டினால் கொட்டிவிடச் சொல்கிறார்கள். பம்பின் கூடு உடம்பை ஒட்டியே இருக்கிறது, அதன் மேல் வெயிலும் படுகிறது. கறுப்பு நிறம் அழகு என்று தேர்ந்தெடுப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இதைவிட ஆபத்து, அடைப்பைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது. பம்ப் போட்டவர் பொதுவாக நாள் முழுக்க நின்று வேலை செய்யும் நெடுநேர இன்சுலின் போடுவதில்லை; ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரியும்போது சேரும் அமிலப் பொருள்) ஏறத் தொடங்கும். மணிக்கு 0.5 யூனிட் போகும் பம்பில், அலாரம் அடிக்கும் அழுத்தம் வர 2 யூனிட் தேங்கவேண்டும் என்றால் 4 மணி நேரம் சத்தமே இருக்காது. மெத்தென்ற சிலிக்கோன் குழாயும் உள்ளே ஒரு காற்றுக்குமிழியும் இருந்தால் இன்னும் நேரமாகும். மடங்கிய குழாய் நிமிர்ந்ததும் தேங்கியது முழுக்க ஒரே மூச்சில் உள்ளே போகும். குழாய் குட்டையாக, விறைப்பாக இருக்கட்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று: இங்கே மருந்துக்கடையில் யு-40 குப்பியும் (மில்லிக்கு 40 யூனிட்) கிடைக்கும். 40-க்கு அளவு வைத்த பம்பில் 100-ஐ ஊற்றினால் இரண்டரை மடங்கு மருந்து போகும். ‘எச்சரிக்கை’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. நோயாளி தன் கையால் நிரப்பும் தொட்டியை விட்டுவிட்டு, 3 மில்லி யு-100 கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும் குழியாகச் செய்யுங்கள்.

பம்பையும் ஊசியையும் உடம்பில் ஒட்டிவைக்கும் பிளாஸ்டரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வியர்வையில் ஓரம் தூக்கினால் ஊசி வெளியே வந்து மருந்து சட்டையில் வடியும், பம்புக்கு அது தெரியாது. ஏசி அறையில் இல்லாமல், வேலை செய்து வியர்ப்பவர்கள் மேல் வெறும் பிளாஸ்டரை மட்டும் மூன்று நாள் ஒட்டவிட்டுப் பாருங்கள். மருந்தும் ஊசியும் சேர்த்து வீட்டு ஆள் மேல் மாட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அது நெறிமுறைக் குழு அனுமதியோடு மருத்துவர் கண்முன் நடக்கவேண்டியது.

கடைசியாக விலை. எல்லோரும் கருவியின் விலையைத்தான் சொல்கிறார்கள். ஊசியும் குழாயும் சேர்ந்த செட் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. மூன்று நாள் என்று வைத்தாலும் மாதம் 10, வருடத்துக்கு 120 செட். கருவியைச் சும்மா கொடுத்தாலும் இந்தச் செலவு நிற்காது. உங்கள் பம்ப் கடையில் கிடைக்கும் எந்த செட்டையும் ஏற்குமா, இல்லை நீங்கள் மட்டுமே விற்கும் செட்டைத்தான் கேட்குமா?