உவரிக் கரையில் அலைச்சறுக்கு: வானத்தைப் பார்த்துக் கடலில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றவில்லை. வானத்தில் மேகம் இல்லை, பனை ஓலைகூட அசையவில்லை. இன்று கடல் அமைதியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, பலகையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி மாவட்டக் கரையில் உள்ள உவரிக்கோ கூடுதாழைக்கோ கிளம்புகிறார்கள். நம் கரையில் நடக்கும் தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை. கூண்டு புயலைப் பற்றிச் சொல்லும். அலையைப் பற்றிச் சொல்லாது. சறுக்குவதற்கு ஏற்ற நல்ல அலையும் சரி, ஆளை இழுத்துப் போகும் கொடிய அலையும் சரி, பெரும்பாலும் இங்கே பிறப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு அருகே வீசும் புயல்கள் கிளப்பிவிட்டவை அவை. 16 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நகரும். ஆகவே இன்று கூட்டப்புளியில் உடைகிற அலை பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. இங்குள்ள வானத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கள்ளக்கடல் என்று செய்தித்தாள்களில் படிப்பது இதைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் மாவட்டவாரியாக இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. திருநெல்வேலிக்கு 'கூட்டப்புளி முதல் கூட்டப்பனை வரை' என்றே ஊர் பெயர் சொல்லி வரும். அதைப் படிக்காமல் கடலில் இறங்குவதை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது.

முன்னறிவிப்பைப் படிக்கிறவர்களிலும் பலர் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு மீட்டர்தானே, சின்ன அலை என்று நினைக்கிறார்கள். உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கில் இன்னொரு எண் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். 7 விநாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையையும் 15 விநாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையையும் ஒப்பிட்டால், பின்னது சுமந்து வரும் சக்தி இரு மடங்குக்கும் மேல். கரையை நெருங்கும்போது அது எழும் விதமும் வேறு. நெடிய அலை ஆழம் குறையக் குறைய உயர்ந்து, உடையும் நேரத்தில் ஒன்றரை மடங்கையும் தாண்டக்கூடும். குறுகிய அலை அவ்வளவு எழாது, நுரைத்து அடங்கிவிடும்.

முன்னறிவிப்பில் போடும் உயரம் அன்றைய மிகப் பெரிய அலையின் உயரமும் அன்று. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் தருகிறார்கள். அதைப்போல் இரு மடங்கை நெருங்கும் ஓர் அலை அதே நாளில் வரலாம். பெரிய அலைகள் தொகுதியாக வந்துவிட்டுப் பின்பு நெடுநேரம் ஓய்ந்திருக்கும். கரைக்கு வந்ததும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர் அந்த ஓய்வை மட்டுமே பார்த்திருக்கலாம். அரைமணி நேரமாவது மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். கட்டுமரம் தள்ளிய காலத்திலிருந்தே நம் மீனவர்கள் அலை ஓயும் நேரம் பார்த்துத்தான் மரத்தை இறக்கியிருக்கிறார்கள். திரும்பும்போது அதே அலையின் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். அலைச்சறுக்கு ஹவாய்த் தீவுகளில் வளர்ந்த கலை. 1778-இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் அங்கே போவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ளவர்கள் பலகையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அலையைப் படிக்கும் அறிவுக்கு நாம் அங்கே போக வேண்டியதில்லை.

அடுத்த தவறு, வேறு ஊர்க் கரையின் கணக்கை இங்கே கொண்டுவருவது. மாமல்லபுரத்தில் கற்றுக்கொண்டவர் அங்குள்ள பருவத்தை வைத்து வருகிறார். வர்க்கலாவில் கற்றவர் மேற்கு பார்த்த கரையின் கணக்கோடு வருகிறார். நம் கரை குமரிமுனையிலிருந்து வடகிழக்காக ஏறுகிறது. உவரியில் கடலைப் பார்த்து நின்றால் முகம் தென்கிழக்கே திரும்பியிருக்கும். கிழக்கிலிருந்து வரும் அலைகளை இலங்கை மறித்துவிடுகிறது. மேற்கிலிருந்து வருவதைக் குமரிமுனை மறிக்கிறது. திறந்திருப்பது தெற்கு வாசல் மட்டுமே.

இங்கேயும் அந்த விநாடிக் கணக்குதான் தீர்மானிக்கிறது. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வரும்போது கடலடியை உணரத் தொடங்கும். 6 விநாடி அலைக்கு அது 30 மீட்டருக்கும் குறைவு. 16 விநாடி அலைக்கு ஏறத்தாழ 200 மீட்டர். கரைக்கு வெகு தொலைவிலேயே தரையைத் தொட்டுவிடுவதால் நெடிய அலை முனையைச் சுற்றி வளைந்து நம் பக்கம் திரும்புகிறது. குறுகிய அலை வளையாமல் தன் போக்கில் கடந்து போய்விடும். ஆடி மாதம் குளச்சலில் கடல் குமுறும்போது உவரியில் அதே அளவு அலை இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். தென்மேற்கிலிருந்து 15, 16 விநாடி இடைவெளியில் அலை வருகிறது என்றால், குமரிக்குச் சொன்ன உயரம் குறைவாக இருந்தாலும் மணப்பாடு வரை போய்ப் பார்க்கலாம். அங்கே திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்குன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதைச் சுற்றி வளையும் அலை ஒரே நேரத்தில் மொத்தமாக விழாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகச் சீராக உடைந்துகொண்டே போகும். பலகைக்காரர் தேடி அலைவது அதைத்தான். 1986-இல் மாவட்டம் பிரிந்தபோது மணப்பாடு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. கடலுக்கு அந்த எல்லை இல்லை.

காற்றைக் கவனிக்காமல் போவதும் பரவலான தவறு. அதை அறிய நமக்கு வாய்த்த வசதி வேறு யாருக்கும் இல்லை. வள்ளியூரிலிருந்து ராதாபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். காற்றாலையின் இறக்கைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ அந்தத் திசையிலிருந்துதான் காற்று வீசுகிறது. மேற்கைப் பார்த்து நின்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அது அலையின் முகத்தை வழவழப்பாக்கி, உடைவதைச் சற்றுத் தாமதப்படுத்தி, அலையை நிமிர்த்தி நிறுத்தும். கிழக்கையோ தென்கிழக்கையோ பார்த்து நின்றால் கடலிலிருந்து காற்று வருகிறது. அலை கலைந்து கொந்தளிப்பாகக் கிடக்கும். பெரும்பாலான மாதங்களில் முற்பகல் ஏறியதும் கடற்காற்று தொடங்கிவிடுவதால் விடிகாலைதான் நல்ல நேரம்.

ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் கச்சான் என்னும் மேல்காற்று அப்படி மென்மையானதன்று. கரையில் நிற்பவருக்குக் கடல் கண்ணாடியாகத் தெரியும். காற்று முதுகுப்பக்கம் வீசுவதால் அதன் வேகம் உறைக்காது. பலகையில் படுத்துக் கைகளால் துழாவிப் போவதும் எளிதாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும். லேசான, காற்றடைத்த பலகைகளை அது கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். கச்சான் உரக்க வீசும் நாளில் புதியவர்கள் இறங்கவே கூடாது. இதில் நான் எந்த விதிவிலக்கும் சொல்ல மாட்டேன்.

ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவதைப் பற்றி, வெளிநாட்டு வீடியோக்களில் விரிவாகப் பேசுவார்கள். நம் கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் பொதுவாக ஒரு மீட்டர்கூட இராது. பாறை மேல் உடையும் இடங்களில் அது முக்கியம். மணற்கரையில் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் மட்டும் கரையிலேயே இருந்துவிடுங்கள்.

அமைதியாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது உயிர் குடிக்கும் தவறு. இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கருத்துக் கிடக்கும். கோவில் திருவிழாவுக்கு வந்து குளிப்பவர்கள் அங்கேதான் குழந்தைகளை இறக்குகிறார்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழி அது. ஆழம் அதிகமாக இருப்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. அந்த இழுப்பு விநாடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டலாம். ஒலிம்பிக் நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, வெள்ளை நுரை தெரியும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்ப வேண்டும். பலகை இருந்தால் அதை விடவே கூடாது. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இதே இழுப்பு உண்டு. கற்களை ஒட்டி நீர் வெளியே பாயும், அலையோ கற்களின் மேல் அடிக்கும். இடையில் மாட்டினால் தப்புவது கடினம். அலை நன்றாக உடைகிறது என்பதற்காக வளைவின் அருகில் போகிறவர்களைப் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கரை செங்குத்தாக இறங்கும் இடங்களையும் அலைச்சறுக்குக்கான இடம் என்று தவறாக எண்ணுகிறார்கள். அங்கே அலை கால்முழம் தண்ணீரில் ஓங்கி விழும். கழுத்தும் தோளும் முறிவது அப்படிப்பட்ட இடங்களில்தான். பாதுகாப்பான இடத்தில் அலை தள்ளி உடைந்து, நுரையாக உருண்டு கரைக்கு வரும். விழுந்தால் தலைகீழாகப் பாயாமல், கைகளால் தலையைக் காத்துக்கொண்டு தட்டையாக விழப் பழகுங்கள்.

இனி மனிதர்களைப் பற்றி. அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்த பிறகு குறுக்கே புகுவது உலகெங்கும் இழிவாகக் கருதப்படுகிறது. நம் கரையில் அதற்கும் மேல் ஒரு மரியாதை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடைக்காலம். அலை நன்றாக வரும் அதே மாதங்களில் நாட்டுப்படகுகளும் பைபர் படகுகளும் தொழிலுக்குப் போய் வருகின்றன. அலைக்கு நடுவில் கரையேறும் படகால் சட்டென்று திரும்ப முடியாது. அதன் வழியில் மிதப்பது அவர்கள் உயிரோடும் நம் உயிரோடும் விளையாடுவது. கரைவலை இழுக்கும் இடத்திலும் இறங்க வேண்டாம். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அலை எப்படி இருந்தாலும் அங்கே போகக்கூடாது.

வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, இன்னைக்கு நீவாடு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். நீரோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது, பாறை எங்கே கிடக்கிறது, எந்த இடத்தில் மணல் மேடு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லை. அவர் "இறங்காதீங்க" என்றால் இறங்காதீர்கள். தனியே போகாமல் ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டுப் போங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய இரண்டு எண்களும் அவருடைய கைப்பேசியில் இருக்கட்டும்.