பள்ளி ஊழியர்களுக்குச் சங்கம்: கூட்டம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்குச் சங்கம் வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பிலேயே கூட்டம் போடுகிறார்கள். நாலு பேர் வருகிறார்கள், மறுநாள் நிர்வாகத்துக்கு அந்த நாலு பெயரும் தெரிந்துவிடுகிறது. எனவே கூட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

சட்டம், சுருக்கமாக

சங்கம் அமைக்கும் உரிமையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கையும் (1948), பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பையும் கூட்டுப் பேரத்தையும் (சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு பேசி உடன்பாடு காண்பது) 98-ஆம் உடன்படிக்கையும் (1949) பேசுகின்றன. இவற்றை மட்டும் நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். இந்தியா, அமெரிக்கா இரண்டுமே இவற்றுக்கு ஏற்புறுதி தரவில்லை, அதாவது இவற்றுக்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் மூன்று கேள்விகள் போதும்: பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்? எங்கள் வேலை சங்கச் சட்டத்துக்குள் வருகிறதா? பதிவாகும் முன்பே வேலையை விட்டு நீக்கினால் பாதுகாப்பு உண்டா?

வரைபடம்

அலுவலக எழுத்தர் காலையில் வருகிறார், துப்புரவுப் பணியாளர் அதற்கும் முன்னால் வந்துவிடுகிறார், இரவுக் காவலரை யாருமே பார்ப்பதில்லை. பேருந்து ஓட்டுநருக்கு ஆய்வக உதவியாளரின் பெயர்கூடத் தெரியாது. ஆசிரியர்களுக்கு ஓர் ஓய்வறை இருக்கிறது, இவர்களுக்கு அது கிடையாது. பள்ளியில் சங்கம் கட்டுவது தொழிற்சாலையில் கட்டுவதைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்தை வரைந்து, யார் எந்த இடத்தில், எந்த ஷிப்டில், யாரோடு சாப்பிடுகிறார் என்று குறியுங்கள். கணினியில் அட்டவணை போடலாமே என்பார்கள். எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். பள்ளிக் கணினியில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், பள்ளி மின்னஞ்சலும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவை இந்தக் கட்டத்தில் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலையில் போட்ட செய்தியின் ஸ்கிரீன்ஷாட் மாலையில் முதல்வரின் மேசைக்குப் போய்விடும். கட்டைவிரலை உயர்த்திப் போடுபவரெல்லாம் உறுப்பினர் என்று நாமும் ஏமாந்துபோவோம்.

வரைபடத்தில் ஒரு வட்டம் கட்டாயம் வேண்டும்: விடுப்புக்கு ஆள் மாற்றிக்கொள்ள எல்லோரும் யாரிடம் போகிறார்கள்? சத்தமாகப் பேசுபவரைவிட அவரே உங்களுக்கு முக்கியம்.

ஒருவரோடு ஒருவர் பேசுவது

எங்கள் வேலை தேங்கி நின்றது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேச்சில் எழுபது பங்கு கேட்பது, முப்பது பங்கு சொல்வது என்பது சங்கக்காரர்களின் பழைய கணக்கு. "அக்கா, இங்கே எது ஒன்று மாறினால் உங்களுக்கு நிம்மதி?" என்று தொடங்குங்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். கழிப்பறை ஆசிட் பட்டுத் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. கையுறை கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாதம்" என்றே பதில் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் நாம் ஓய்வூதியம், சம்பள விகிதம் என்று உரையாற்றத் தொடங்கினால் கதை முடிந்தது. "நீங்கள் தனியாகக் கேட்டீர்கள், கொடுக்கவில்லை. எல்லா மாடிகளிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து கேட்டால்?" என்பதே அடுத்த கேள்வி.

இதுவரை எளிது. இதற்குப் பிறகு "யோசித்துச் சொல்லுங்கள் அக்கா" என்று எழுந்து வந்துவிடுகிறோமே, அங்கேதான் எல்லாம் வீணாகிறது. யோசிப்பதற்கு முடிவே இல்லை. மாறாக, நாள் குறித்து ஒரு சின்ன வேலையைக் கேளுங்கள்: "மதிய ஷிப்டில் உங்களோடு இருக்கும் இரண்டு பேரிடம் வெள்ளிக்கிழமைக்குள் பேசுவீர்களா?" கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். "பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்" என்று நீங்களே அதைக் கலைத்துவிடாதீர்கள். மறுப்பு வந்தால் அதுவும் தகவல்தான், வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் நிர்வாகம் என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுங்கள். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்", "என்னிடம் நேரில் வந்திருந்தால் செய்து கொடுத்திருப்பேனே", "வெளியாள் தூண்டிவிடுகிறான்" என்ற மூன்றும் தவறாமல் வரும். முன்பே கேட்டவர்களுக்கு அந்த வார்த்தைகள் உறைக்காது.

கையெழுத்து

கையுறை மாதிரி ஒரு சின்னக் கோரிக்கையை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர்களை வட்டமாகப் போடச் சொன்னால் முதலில் போட்டவர் யார் என்று தெரியாது. பாதிப் பேர்கூடப் போடவில்லை என்றால் வேலைநிறுத்தம் என்ற பேச்சே வேண்டாம், வரைபடத்துக்குத் திரும்புங்கள். பெரும்பாலானவர்கள் போட்டுவிட்டால் பொதுக்கூட்டம் கூட்டலாம்.

ஆசிரியர்களும் பெற்றோரும்

2018-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 55 மாவட்டங்களிலும் வேலைநிறுத்தத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களோடு ஓட்டுநர்களும் சமையலர்களும் வெளியே வந்தார்கள். பேருந்து ஓடாவிட்டால் பள்ளியும் ஓடாது. பள்ளி உணவை நம்பியிருக்கும் குழந்தைகளுக்கு ஊழியர்களே உணவுப் பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் 5 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. 2023 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் ஆசிரியரல்லாத பள்ளிப் பணியாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆசிரியர் சங்கமும் உடன் நின்றது. உணவுப் பொட்டல ஏற்பாட்டை முன்பே திட்டமிடுங்கள், பெற்றோரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், "நாங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்களைச் சேர்க்கலாமா?" என்று கேட்டிருந்தார்கள். வரைபடத்தில் கட்டாயம் சேருங்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி, சங்கத்தில் சேர முடியுமா என்று வழக்கறிஞரிடம் நான்காவது கேள்வியாகக் கேளுங்கள். சீட்டே தருவதில்லை என்றால் முதல் கோரிக்கை அதுவே.

ஓட்டுநர்களைப் பிடிக்கவே முடியவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். காலைப் பயணம் முடிந்து மாலைப் பயணம் தொடங்கும் வரை வண்டி நிறுத்துமிடத்தில் போய்ப் பாருங்கள்.

சந்தா பற்றியும் கேட்டார்கள். பதிவாவதற்கு முன்பே வாங்குவதாக இருந்தால், எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் இல்லாமல் ஒரு காசுகூட வாங்காதீர்கள். அந்தப் புத்தகம் ஒருவரிடமும் பணம் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.